தூக்கும் கையும் ஓங்கும் கையும்

2020 மே மாதம் ஐஸ்லாந்துக்காரரான ஹாஃப்தோர் பியோர்ன்சன் 501 கிலோ எடையைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நின்றார். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் ‘மலை’ என்ற பட்டப்பெயரோடு வரும் முரட்டு வீரன் என்றால் பலருக்கு முகம் நினைவுக்கு வந்துவிடும். அவருக்குப் பக்கத்தில் ஒரு கற்பனை வீரனை நிறுத்திப் பார்ப்போம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டின் 2014-ஆம் ஆண்டு விதிநூல்படி, பார்பேரியன் என்னும் போர்வெறி கொண்ட வீரன் இருபதாவது லெவலை, அதாவது உச்சியை எட்டும்போது அவன் பலம் 24 வரை போகலாம். அந்தப் பலத்துக்கு அவன் தூக்கக்கூடிய எடை 720 பவுண்டு, கிலோவில் 327. டிராகனோடு மல்லுக்கட்டுகிறவன், ராட்சதர்களைச் சாய்க்கிறவன், வேறு சலுகை எதுவும் இல்லாவிட்டால் பியோர்ன்சன் தூக்கியதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தூக்குவான். ஆனால் அதே பார்பேரியன் வாளை ஓங்கினால், சாதாரண மனிதன் ஒருவன் தாங்கவே முடியாத அடியை ஆறு நொடிக்குள் இரண்டு மூன்று முறை கொடுத்துவிடுகிறான். ஒரே உடம்பு, ஒரே பலம். தூக்கும்போது மனிதனுக்கும் கீழே, அடிக்கும்போது மனிதனுக்கு எங்கோ மேலே. இந்த முரண் எங்கிருந்து வந்தது, அதைச் சரிசெய்ய எந்தப் பக்கம் கைவைக்க வேண்டும் என்பதுதான் இங்கே பேச வேண்டியது.

இந்த வகை ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், சுறுசுறுப்பு, அறிவு என்று சில எண்கள் உண்டு. சாகசம் செய்யச் செய்ய லெவல் ஏறும், எண்களும் ஏறும். ஆரம்ப லெவலில் எலியும் ஓநாயும் எதிரிகள். பத்து, பதினைந்து லெவல் தாண்டினால் டிராகன், அசுரன், சில சமயம் கடவுளே எதிரி. விதிகள் பெரும்பாலும் ஆரம்ப லெவல்களில் ஒழுங்காக ஓடும். மேலே போகப் போக ஆட்டம் காண ஆரம்பிக்கும். அப்படி ஆட்டம் காணும் இடங்களில் முக்கியமானது இந்தப் பலம் என்ற எண்.

காரணம், அந்த ஒற்றை எண்ணின் தலையில் மூன்று வேலைகள் சுமத்தப்பட்டிருக்கின்றன. எதிரிமேல் அடி விழுகிறதா என்பதில் அதற்குப் பங்கு உண்டு. விழுந்த அடி எவ்வளவு சேதம் செய்கிறது என்பதிலும் பங்கு உண்டு. எவ்வளவு சுமை தாங்கலாம் என்பதையும் அதுதான் சொல்கிறது. கீழ் லெவலில் இந்த மூன்றும் ஒன்றாகவே நகர்வதுபோலத் தெரியும்; பலம் 10 உள்ளவனுக்கும் 16 உள்ளவனுக்கும் இருக்கும் வித்தியாசம் மூன்றிலும் கண்ணுக்குப் பொருத்தமாகவே படும். 24, 30, 45 என்று போகும்போதுதான் மூன்றும் மூன்று திசையில் பிய்த்துக்கொள்கின்றன.

இந்த இணைப்பு பிறவியிலேயே வந்ததும் அல்ல. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட முதல் பதிப்பில், பலம் அதிகமென்றால் போர்வீரன் சற்று வேகமாக லெவல் ஏறுவான்; வாள்வீச்சின் சேதம் கூடாது. அடுத்த ஆண்டு வந்த ‘கிரேஹாக்’ என்ற துணைநூல்தான் பலத்தை அடியோடு முடிச்சுப் போட்டது. 1978-இல் வந்த ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ அதை இறுக்கியது. அதில் மனித வீரன் எட்டக்கூடிய உச்ச பலத்துக்குச் சேதத்தில் ஆறு புள்ளி கூடுதல். சுமையில் 3,000 நாணய எடை கூடுதல். பத்து நாணயம் ஒரு பவுண்டு என்பதால் அது 300 பவுண்டு. சுமையை நாணயத்தில் அளந்தது கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். புதையலை வெளியே தூக்கிவருவதே ஆட்டத்தின் உயிராக இருந்த காலத்தில் அது நேரான அளவை. புயல் ராட்சதனின் பலத்தைத் தரும் மாய இடைக்கச்சையைக் கட்டிக்கொண்டால் சேதம் 12 கூடும். அன்றைய விதியில் மிக முதிர்ந்த சிவப்பு டிராகனுக்குக்கூட உயிர்ப்புள்ளி, அதாவது சாகுமுன் அது தாங்கும் மொத்தச் சேதம், 88-தான். ஆக ஒவ்வொரு அடியிலும் அந்தக் கச்சை மட்டுமே டிராகனின் உயிரில் ஏழில் ஒரு பங்கைப் பறித்தது. வீரனின் லெவல், திறமை, வாள் எல்லாம் இரண்டாம்பட்சமாகி, கச்சையே கதாநாயகன் ஆனது.

2000-இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் கொண்டுவந்த மூன்றாம் பதிப்பு இதை வேறு விதமாக அணுகியது. பலம் இரண்டு புள்ளி ஏறினால் சேதம் ஒன்று கூடும். எவ்வளவு உயரம் போனாலும் அதே படி, அதே உயரம். சுமைக்கோ அட்டவணை வேறு: ஐந்து புள்ளிக்கு ஒருமுறை இரட்டிப்பு. பலம் 10 என்றால் அதிகபட்சம் 100 பவுண்டு; 20-க்கு 400; 30-க்கு 1,600; 40-க்கு 6,400. அதே ஏற்றத்தில் சேதக் கூடுதல் சுழி, ஐந்து, பத்து, பதினைந்து என்று மெதுவாக நடக்கிறது. சுமை 64 மடங்காகும்போது அடிக்குக் கிடைப்பது பதினைந்து புள்ளி. பொருத்தமே இல்லையே என்று அப்போதே முணுமுணுத்தவர்கள் உண்டு. என் கணிப்பில், இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே பலத்தைப் பற்றி எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு அதுதான். அதைக் கெடுத்தது அந்த அட்டவணை அல்ல. அதன்மேல் பின்னால் கட்டப்பட்ட ஒரு பாலம்.

2003-இல் வந்த ‘கம்ப்ளீட் வாரியர்’ என்ற துணைநூலில் ‘ஹல்க்கிங் ஹர்லர்’ என்றொரு வீரவகை வந்தது. கையில் அகப்பட்ட எதையும் பெயர்த்து எறிவது அவன் கலை. எறியும் பொருளின் எடையை வைத்துச் சேதத்தைக் கணக்கிடச் சொன்னது நூல்; ஓர் அளவுக்கு மேல் ஒவ்வொரு 200 பவுண்டுக்கும் ஓர் ஆறுமுகப் பகடை. கணக்கு எங்கே போகும் என்பதை ஊகிக்கலாம். இரட்டிப்பில் ஏறும் சுமையை நேராகச் சேதமாக மாற்றிக்கொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டது. உடம்பின் அளவு பெரிதானால் சுமை இன்னும் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று பெருகும் விதி ஏற்கெனவே இருந்தது. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு பாறைக்கு நூற்றுக்கணக்கான பகடைகள் உருட்ட வேண்டிய வீரர்கள் பிறந்தார்கள். கீழே விழும் பொருளின் சேதத்துக்கு அதே பதிப்பில் இருபது பகடை என்று உச்சவரம்பு இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். விழும் பாறைக்கு அணை போட்டவர்கள் எறியும் பாறைக்குப் போட மறந்துவிட்டார்கள்.

2014 பதிப்பு, சுமையின் அந்தச் செங்குத்தான ஏற்றத்தையே இடித்துச் சமமாக்கியது. பலத்தைப் பதினைந்தால் பெருக்கு. அதுதான் சுமக்கும் பவுண்டு. தள்ளவோ இழுக்கவோ தூக்கவோ அதைப்போல இரண்டு மடங்கு. மனக்கணக்கில் முடிந்துவிடும், அட்டவணை தேவையில்லை. எளிமைக்காக இதைப் பாராட்டலாம். 2024-இல் திருத்தி வெளியிட்டபோதும் இந்தக் கணக்கு அப்படியே தங்கிவிட்டது. ஆனால் உச்ச லெவலில் என்ன நடக்கிறது என்பதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். பார்பேரியனை விட்டுவிட்டு, வாள்பயிற்சியே தொழிலான இருபதாம் லெவல் போர்வீரனை எடுத்துக்கொள்வோம். ஆறு நொடிச் சுற்று ஒன்றில் அவன் நான்கு முறை வெட்டுவான். இருகை வாளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7. பலம் 20 என்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஐந்து கூடுதல், ஆக 12. எதிரே 546 உயிர்ப்புள்ளியும், வெட்டு விழ எட்ட வேண்டிய காப்பு எண் 22-உம் உள்ள முதிர்ந்த சிவப்பு டிராகன். பலமும் பயிற்சியும் தரும் கூடுதல் போக, இருபதுமுகப் பகடையில் அவன் 11 அல்லது அதற்கு மேல் போட வேண்டும். பாதி வெட்டு வீண். சுற்றுக்குச் சராசரி 24 சேதம். இப்போது அவன் புயல் ராட்சதக் கச்சையைக் கட்டுகிறான், பலம் 29. ஒரு வெட்டுக்கு 16 ஆகிறது, 7 போட்டாலே வெட்டு விழுகிறது, சராசரி 45-ஐத் தொடுகிறது. டிராகனைத் தனியாக வீழ்த்த இருபத்துமூன்று சுற்று பிடித்தது பதின்மூன்றாகக் குறைகிறது. சேதம் ஏறத்தாழ இரட்டிப்பு. சுமையோ 300 பவுண்டிலிருந்து 435-க்கு, பாதியளவுகூடக் கூடவில்லை. மாய வாள், சிறப்புத் தாக்குதல் எதையும் சேர்க்காத கணக்கு இது.

பலம் அடியில் மும்முறை பெருகுவதுதான் இதற்குக் காரணம். வெட்டு விழும் வாய்ப்பைக் கூட்டுகிறது, விழுந்த வெட்டின் கனத்தைக் கூட்டுகிறது, இரண்டும் வெட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கப்படுகின்றன. சுமையிலோ அது ஒருமுறை வந்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. எந்த இடத்தில் சிறு ஏற்றம்கூடச் சமநிலையைக் குலைக்குமோ அங்கே பலம் தாராளமாகப் பாய்கிறது. எங்கே தாராளம் யாருக்கும் தீங்கு செய்யாதோ அங்கே கஞ்சத்தனம்.

தீங்கு செய்யாது என்று எப்படிச் சொல்ல முடியும்? சேதம் என்பது சார்பு எண். 12 புள்ளி பெரிதா சிறிதா என்பது எதிரிக்கு 88 உயிரா 546 உயிரா என்பதைப் பொறுத்தது. சேதம் கூடினால் எதிரியின் உயிரையும் கூட்ட வேண்டும். கூட்டினால் பலமில்லாத தோழர்களின் அடி செல்லாக்காசாகும். அவர்களுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். அது முடிவில்லாத போட்டி. சுமைக்கு அப்படிப்பட்ட எதிராளி இல்லை. கோட்டைக் கதவின் எடை, கவிழ்ந்த வண்டியின் எடை, மூழ்கும் படகின் எடை இவையெல்லாம் உலகத்தின் எண்கள். வீரனின் லெவலோடு சேர்ந்து ஏறுவதில்லை. அவன் கதவைத் தனியாகத் தூக்கினால் பக்கத்திலிருக்கும் தோழனின் பங்கு எதுவும் குறைவதில்லை, கதைக்கு ஒரு புதிய வாசல்தான் திறக்கிறது. ஆகவே உயர் லெவலில் செய்ய வேண்டியது, பலத்தின் பலனை அடியில் மட்டுப்படுத்தி, சுமையில் தாராளமாகத் திறந்துவிடுவது.

திறந்துவிடாமல் வைத்திருப்பதன் அநியாயம் மந்திரவாதியோடு ஒப்பிடும்போது தெரியும். ‘டென்சரின் மிதக்கும் தட்டு’ என்றொரு மந்திரம். முதல் லெவல் மந்திரவாதியே போடலாம். பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கிச் சடங்காகச் செய்தால் அவனுக்கு எந்தச் செலவும் இல்லை. அந்தத் தட்டு ஒரு மணி நேரம் 500 பவுண்டைச் சுமக்கும். புயல் ராட்சதனின் பலத்தைப் பெற்ற வீரன் சுமப்பது 435. பழம்பெரும் மாயக்கச்சையை அடைந்த உச்ச லெவல் வீரன், நேற்றுப் பள்ளியை விட்டு வந்த மந்திரவாதியின் தட்டிடம் தோற்கிறான். ஐந்தாம் படி மந்திரமான டெலிகினிசிஸ் 1,000 பவுண்டுப் பொருளைத் தொடாமலே நகர்த்தும். மேல் லெவல்களில் வீரனுக்கு வாள் சுற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்ற குறை நெடுநாளாக இருக்கிறது. அவன் பலத்தைச் சுவரையும் தூணையும் பார்த்துத் திருப்பிவிட்டாலே அந்தக் குறையில் கணிசமான பகுதி தீரும்.

இதற்கு உடனே வரும் மறுப்பு, நிஜத்தோடு ஒட்டவில்லை என்பது. பத்து மடங்கு தூக்குகிறவன் பத்து மடங்கு பலமாக அடிக்க வேண்டாமா? வேண்டியதில்லை. இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் தூக்கிப் போடுகிறவனே சிலம்பத்திலும் முதலாவதாக வருவான் என்று எந்த ஊரிலும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. உடலியலும் அதைத்தான் சொல்கிறது. தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் விசை குறையும் என்பதை ஆர்ச்சிபால்ட் ஹில் 1938-லேயே அளந்து சமன்பாடாகத் தந்துவிட்டார். எடை தூக்குவது மெதுவான வேலை. வெட்டு வேகமான வேலை. தடகள எண்களும் சாட்சி சொல்கின்றன. ஆண்கள் குண்டு எறிதலின் இரும்புக் குண்டு 7.26 கிலோ, உலக சாதனை 23.56 மீட்டர். ஈட்டி 800 கிராம், அதாவது குண்டில் ஒன்பதில் ஒரு பங்கு, சாதனை 98.48 மீட்டர், நான்கு மடங்குக்குச் சற்றே மேல். கையில் இருப்பது இலேசாக ஆக ஆக, தூக்கும் பலத்தில் பெரும்பகுதி கையை வீசுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. வீரனின் பலம் எவ்வளவு ஏறினாலும் வாளின் எடை அப்படியேதான் இருக்கிறது. அதன் முனைக்குப் போய்ச் சேரும் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆக, சுமை செங்குத்தாகவும் சேதம் சரிவாகவும் ஏறுவதுதான் நிஜத்துக்கு நெருக்கம்.

நிஜம் என்ற வாதத்தை இதற்கு மேல் இழுத்தால் ராட்சதனே நிற்கமாட்டான். மனிதனைப்போல மூன்று மடங்கு உயரமானவனுக்குத் தசையின் குறுக்குப்பரப்பு ஒன்பது மடங்கு, உடல் எடையோ இருபத்தேழு மடங்கு. கலிலியோ 1638-இல் எழுதிவைத்த உண்மை இது.

வேறு விளையாட்டுகள் இந்த முடிச்சை ஏற்கெனவே அவிழ்த்திருக்கின்றன. 1981-இல் வெளியான ‘சாம்பியன்ஸ்’ சூப்பர் ஹீரோக்களுக்கானது. அதில் பலம் 10 என்றால் 100 கிலோ தூக்கலாம். ஐந்து புள்ளிக்கு ஒருமுறை எடை இரட்டிக்கும், அதே ஐந்து புள்ளிக்கு அடியில் ஒரு பகடை கூடும். பலம் 60 ஆகும்போது தூக்குவது சுமார் 100 டன், அடிப்பது பன்னிரண்டு பகடை. சுமை ஆயிரம் மடங்கு ஏறியபோது அடி ஆறு மடங்குதான் ஏறியிருக்கிறது. விமானத்தைத் தூக்குகிறவனும் திருடனைப் பிடிக்கிறவனும் ஒரே மேசையில் ஆட முடிகிறது. ‘கர்ப்ஸ்’ விளையாட்டின் 2004-ஆம் ஆண்டு நான்காம் பதிப்பு இன்னொரு வழியில் போனது. பலத்தை வர்க்கப்படுத்தி ஐந்தால் வகுத்தால் வருவது அடிப்படைச் சுமை. பலம் 10-லிருந்து 100-க்குப் போனால் சுமை நூறு மடங்கு. வீச்சின் சேதம் ஒரு பகடையிலிருந்து பதின்மூன்றுக்கு. கோடு வேறானாலும் இரண்டும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. 2019-இல் வந்த ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பில் பாதி வேலை அழகாக நடந்திருக்கிறது: உயர் லெவலில் சேதத்தின் பெரும்பகுதி ஆயுதத்தில் பொறிக்கும் மாயக்குறிகளிலிருந்து வருகிறது. உச்சத்தில் இருகை வாளுக்கு நான்கு பன்னிருமுகப் பகடை, சராசரி 26; பலம் சேர்ப்பது அதிகபட்சம் 7. அடியில் பலத்தின் ஆதிக்கம் இப்படி அடங்கிவிட்டது. ஆனால் சுமையையும் சேர்த்து அடக்கிவிட்டார்கள். ‘பல்க்’ என்ற அலகில் பத்தோடு பலத்தின் கூடுதலைக் கூட்டு என்பதால், முதல் லெவல் மல்லன் 14 சுமக்கிறான், இருபதாம் லெவல் மாவீரன் 17.

சுமையை யார் கணக்குப் பார்க்கிறார்கள், அந்த விதியையே தூக்கிப்போட்டால் போகிறது என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதி உண்மை. கயிறு, தீப்பந்தம், சோற்றுமூட்டை என்று பவுண்டு பவுண்டாகக் கூட்டுவது மூன்றாம் லெவலிலேயே அலுத்துப்போகும். 500 பவுண்டை விழுங்கிவிட்டு 15 பவுண்டு மட்டுமே கனக்கும் மாயப்பை கிடைத்ததும் அந்தக் கணக்குக்கு அர்த்தமும் போய்விடும். ஆனால் சுமை எண் மூட்டை கட்டுவதற்கு மட்டும் அல்ல. இடிந்து விழும் சுரங்கத்தின் உத்தரத்தை அவன் தோளில் தாங்கிக்கொண்டு மற்றவர்களை வெளியேற்ற முடியுமா? நங்கூரச் சங்கிலியைப் பிடித்துக் கப்பலை நிறுத்த முடியுமா? ஆட்டக்காரர் இப்படிக் கேட்கும் கணத்தில் நடத்துபவருக்கு ஓர் எண் வேண்டும். எண் இல்லாவிட்டால் முடிவு அவரவர் மனப்போக்குக்குப் போய்விடும். அப்போது மந்திரவாதியின் நூலில் 1,000 பவுண்டு என்று அச்சிலிருப்பதால் அவன் கேள்வி கேட்காமல் செய்துவிட்டுப் போவான், வீரன் மட்டும் ஒவ்வொருமுறையும் அனுமதி கேட்டு நிற்பான்.

இப்போதைய விதியோடு ஆடும் மேசைகளுக்கு ஒரு திருத்தம் போதும். பலம் 20 வரை இருக்கும் கணக்கு இருக்கட்டும். அதற்கு மேல் சேதக் கூடுதல் ஒன்று ஏறும்போதெல்லாம் சுமையை இரட்டியுங்கள். 22-க்கு 600 பவுண்டு. 24-க்கு 1,200, தூக்குவது அதில் இரண்டு மடங்கு, கிட்டத்தட்ட 1,090 கிலோ. பார்பேரியன் பியோர்ன்சனைத் தாண்டி இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறான். கச்சை கட்டிய 29-க்குத் தூக்கும் எடை 4,350 கிலோவைத் தொடும். வளர்ந்த ஆண் ஆசிய யானையின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். சேதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. யானையைத் தூக்குகிறவன் அதை எதிரிமேல் எறிவானே என்று கேட்டால், எறிவான். ஹல்க்கிங் ஹர்லர் விட்ட ஓட்டையை இங்கே அடைத்தாக வேண்டும். எறிந்தாலும் உருட்டினாலும் பறக்கும் குதிரையிலிருந்து போட்டாலும், எடை என்னவாக இருந்தாலும், உயரத்திலிருந்து விழுவதற்கு இந்தப் பதிப்பிலும் உள்ள இருபது பகடை என்ற அதே உச்சவரம்பு. அதுவும் அந்தச் சுற்றின் நான்கு வெட்டுகளுக்கும் பதிலாக. சராசரி 70 சேதம், குறி தவறினால் சுழி. முதிர்ந்த டிராகனுக்கு அது வலிக்கும், சாகடிக்காது. இந்த வரம்பை முதல் பாறை கிளம்புவதற்கு முன்பே மேசையில் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும்; பாறை பறந்த பிறகு சொன்னால், யோசித்து ஆடியவருக்குக் கொடுத்த தண்டனையாகத்தான் அது தெரியும்.